கூடி ஆடுவோர்க்கு ஒரு சொல்

கூடி விளையாடுதல் எளிது. கூடி விளையாடுவோரின் கழகம் ஒன்றை நடத்துதல் அரிது. ஆலமரத்து நிழலிலே தரையில் கோடு கிழித்து, 3 புலியும் 15 ஆடும் வைத்து ஆடிய காலத்தில் இவ்வருமை அவ்வளவாகத் தோன்றவில்லை. பூசல் எழுந்தால், பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் பெரியவர் ஒரு சொல் சொல்வார். ஆடியவர் இருவரும் அடங்குவர். அவர் சொன்னது சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். சொன்னவர் யார் என்பதை இருவரும் அறிவர்; மறுநாள் காலையில் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும் என்பதையும் அறிவர்.

இன்றோ ஆடுகளம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. எதிரே இருந்து காய் நகர்த்துபவர் துபாயில் இருக்கலாம், தூத்துக்குடியில் இருக்கலாம். முகம் தெரிவதில்லை, குரல் கேட்பதில்லை, வெற்றிலை மெல்லும் பெரியவரும் அங்கில்லை. இத்தகைய களத்தை யார் நடத்துவது, எவ்வாறு நடத்துவது என்பதில் ஆடுவோரிடையே கருத்து வேற்றுமை மிகுதி. நம் கண்முன் நிகழ்ந்ததையும் உலகறிய நிகழ்ந்ததையும் கொண்டு அதனைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். பிறந்த ஊரை விட்டுப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இஃது அற்பமான விஷயம் அன்று என்பது போகப் போக விளங்கும்.

நமது ஊர் கோபாலபுரம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிச் சாலையில், எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர். சோதனைச் சாவடிக்கு இப்பால் கேரளம், அப்பால் தமிழகம். வீட்டிலே தமிழும் கடைத்தெருவிலே மலையாளமும் வழங்கும். பிள்ளைகள் ஓரளவு படித்ததும் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும், கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றுவிடுவர். நாம் ரயில்வேயில் குமாஸ்தா. பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பு நின்றது. பயணச்சீட்டுக் கொடுக்கும் சாளரத்துக்குப் பின்னே அமர்ந்து ஊருக்குப் போவோரையும் வருவோரையும் பார்ப்பதே நம் தொழில். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. சாளரம் மூடப்பட்டது. எல்லைச் சாலையும் அடைபட்டது. கூப்பிடு தொலைவில் உள்ள பொள்ளாச்சியில் வாழும் மகளைக் காண, கோபாலபுரத்துத் தாய்க்கு அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று.

அந்நாளில்தான் நம் ஊர் இளைஞர் சிலர் இணையத்தில் சதுரங்கக் குழு ஒன்றை அமைத்தனர். முதலில் சேர்ந்தவர் 11 பேர். மூன்று திங்களில் 60 பேருக்கு மேல் ஆயினர். ஞாயிறுதோறும் இரவு 8 மணிக்குப் போட்டி. துபாயில் இருப்போர்க்கு அப்போது மாலை ஆறரை. ஆட்டம் முடிந்த பிறகும் எவரும் எழுந்து போவதில்லை. யார் வீட்டுப் பசு கன்று ஈன்றது, யாருக்குக் காய்ச்சல் விட்டது, எந்தத் தோப்பில் தேங்காய் விழுந்து ஓடு உடைந்தது என்று உரையாடற் பகுதியில் செய்தி ஓடும். சதுரங்கம் பெயரளவில்தான், உண்மையில் அஃது ஊர்த் திண்ணை. பக்கத்துத் திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்னும் சிற்றூர், குடியிலும் சூதிலும் அமிழ்ந்துகிடந்த நிலையிலிருந்து சதுரங்கத்தால் மீண்டது என்பர். ஒரு பலகை ஓர் ஊரைக் கூட்டி வைக்கும் என்பதற்கு அவ்வூர் சான்று.

ஆயினும் 60 பேர் கூடினால் 60 கருத்து இருக்குமன்றோ? தமிழ்க் குடும்பத்தார் மட்டும் ஆடினால் போதும் என்றனர் சிலர். அடுத்த வீட்டு மலையாளப் பிள்ளையை வாசலில் நிறுத்துவது எப்படி என்றனர் வேறு சிலர். ஆட்டத்தின் நடுவே பேச்சுக் கூடாது என்றார் ஒருவர்; பேச்சில்லையேல் நாம் ஏன் வரவேண்டும் என்றார் இன்னொருவர். குழுவைத் தொடங்கியவரே என்றும் ‘அட்மின்’ ஆக இருக்கலாமா, ஆண்டுக்கொருவர் மாறவேண்டுமா என்பது மற்றொரு வழக்கு. இவையெல்லாம் மெல்லிய புகைச்சல். தீப்பற்றியது வேறோரிடத்தில்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஓர் ஞாயிறு இரவு. பலத்த மழை, காற்று. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் ஊர் மாணவி ஒருத்தி, வளைகுடாவில் பொறியாளராகப் பணியாற்றும் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தாள். மந்திரி ஒன்றும் சிப்பாய் இரண்டும் அவளுக்கு மிகுதி. இன்னும் சில நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்திருக்கும். அவ்வேளையில் ஊர் முழுதும் மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்தது. அவளது கடிகாரம் மட்டும் எங்கோ ஓடிக்கொண்டே இருந்தது. ஓடி முடிந்ததும், பொறியாளர் வென்றார் என்று திரை எழுதிற்று.

மறுநாள் காலை குழுவிலே பெரும் ஆரவாரம். பொறியாளர் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. “கடிகாரம் ஓய்ந்தால் தோல்வி, சதுரங்கத்தில் அதுவே விதி. மின்சாரம் போயிற்று என்று இன்று ஒருவர் சொன்னால், நாளைக்குத் தோற்கும் நிலையில் உள்ள பத்துப் பேர் சொல்வர். வந்து பார்த்துச் சோதிப்பவர் யார்?” என்று கேட்டார். மாணவியின் உறவினர் விடுவாரா? “மாளிகையில் தடையற்ற இணைப்போடு அமர்ந்திருப்பவருக்கு விதி இனிக்கும், மழைக்கால ஊரில் ஆடுபவருக்கு அவ்விதியே தண்டனை” என்றனர். சொல் தடித்தது. பழைய நிலத்தகராறு ஒன்றுகூட இடையே தலைகாட்டிற்று. மாணவியோ குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். தன் பெயரை வாயில் வைத்துப் பெரியவர்கள் சண்டையிடுவதைப் படிக்க எந்தக் குழந்தைக்குத்தான் மனம் வரும்?

இப்பூசல் ஓயுமுன்னரே, உலக அரங்கில் இதே வழக்கு எழுந்தது. 1924 இல் பாரிஸ் நகரில் நிறுவப்பெற்ற உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய ஃபிடே, நோய்த்தொற்றுக் காரணமாக அவ்வாண்டின் ஒலிம்பியாடை இணையவழியே நடத்தியது. 100-க்கு மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. ஆட்டம் நிகழ்ந்த களம் செஸ்.காம். ஓர் அணிக்கு 6 பலகைகள். ஆடவரும் மகளிரும் இளையோரும் ஒரே அணியில் ஆடினர். விதித் குஜராத்தி தலைமையில் இந்திய அணியில் விசுவநாதன் ஆனந்த், ஹம்பி, பிரக்ஞானந்தா முதலியோர் இருந்தனர். திருச்சூரைச் சேர்ந்த நிகால் சரினும் இருந்தார். அவருக்கு வயது 16. அண்டை மாவட்டத்துப் பிள்ளை என்பதால் நம் குழுவில் அவருக்கே ஆரவாரம் மிகுதி.

ஆகஸ்ட் 28 அன்று கால் இறுதியில் இந்தியா ஆர்மீனியாவை எதிர்த்தது. நிகாலோடு ஆடிய ஆர்மீனிய இளைஞர் மார்ட்டிரோசியானின் இணைப்பு நடுவில் அறுந்தது. நேரம் தீர்ந்து அவர் தோற்றார். ஆர்மீனியா முறையீடு செய்தது. இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்னும் விதி இருந்தது, முறையீடு தள்ளப்பட்டது. லெவோன் அரோனியன் முதலான ஆர்மீனிய வீரர்கள் மனம் கொதித்தனர். அந்நாட்டு அணி இரண்டாம் சுற்றை ஆடாமலே விலகிற்று. இந்தியா முன்னேறியது.

இரண்டு நாள் கழித்து, 30 ஆம் தேதி, இறுதிப் போட்டி. எதிரணி ரஷ்யா. முதற் சுற்றில் 6 ஆட்டமும் சமன். இரண்டாம் சுற்றின்போது உலகின் பல பகுதிகளில் இணையம் தடைப்பட்டது. நிகால் சரினும் நாகபுரியைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரத்தால் தோற்றனர். ரஷ்யா வென்றதாக முதலில் குறிக்கப்பட்டது. இம்முறை இந்தியா முறையிட்டது. முறையீட்டுக் குழுவில் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. ஆதலின் ஃபிடே தலைவர் ஆர்காடி துவோர்கோவிச், இரு நாட்டிற்கும் தங்கப் பதக்கம் என்று அறிவித்தார்.

நாடு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அவ்விரவு நம் குழுவில் எழுதப்பட்டவற்றை வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 28 ஆம் தேதி “விதி விதிதான், ஆர்மீனியர் அழக்கூடாது” என்று எழுதியவரே, 30 ஆம் தேதி “இணைப்பு அறுந்ததற்கு ஆட்டக்காரர் என்ன செய்வார்?” என்று எழுதினார். மாணவிக்காக மன்றாடியவர் சிலரும் ஆர்மீனியருக்காக ஒரு சொல் சொல்லவில்லை. ஒரே சிறுவன் இரண்டு நாளில் வழக்கின் இரு புறமும் நின்றான். அவனைச் சுற்றி நின்றவர்களின் நீதியும் அவனோடு சேர்ந்து இடம் மாறிற்று! இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணம் அன்று. மனித குணமே அதுதான்.

இவ்விரு தீர்ப்புக்கும் இடையே வேற்றுமை உண்டா எனில், உண்டு. நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். பயணி பிந்தி வந்து வண்டியைத் தவறவிட்டால் கட்டணம் திரும்பாது. வண்டியே 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தினால், பயணத்தைக் கைவிடுபவர் முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். தாமதம் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் பொறுப்பு வேறு. ஒருவர் வீட்டு இணைப்பு அறுவது முதல்வகை. உலகெங்கும் வலையமைப்புத் தடுமாறுவது இரண்டாம் வகை. ஆனால் நம் மாணவியின் வழக்கு இவ்விரண்டிலும் அடங்காது. பிழை அவளுடையதும் அன்று. களத்தை நடத்தியவருடையதும் அன்று. ஊரே இருண்டது. சம விதி என்று சொல்லிவிட்டால் போதாது. அவ்விதி யார் தலைமேல் அடிக்கடி விழுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே சலுகை வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அச்சலுகையை யாருக்குத் தருகின்றோம் என்று தெரிவதற்கு முன்னரே எழுதி வைத்துவிட வேண்டும். ரயில்வேயின் 3 மணி நேரக் கணக்கு, பயணி யார் என்று பார்த்து எழுதியதன்று. சாளரத்தின் முன் மந்திரியின் மைத்துனர் நின்றாலும், மரம் ஏறும் தொழிலாளி நின்றாலும் கணக்கு ஒன்றே. வழக்கு வந்த பின் விதி தேடினால், அங்கே விதி இராது, முகம்தான் இருக்கும். ஃபிடேயின் இரண்டாம் தீர்ப்பு நியாயமாகவே இருக்கலாம். எனினும் உலகளாவிய தடை நேர்ந்தால் இன்னது செய்யப்படும் என்று முன்பே அச்சிட்டு வைத்திருந்தால், ஆர்மீனியருக்கும் ரஷ்யருக்கும் மனக்குறை சற்றுக் குறைந்திருக்கும்.

நம் குழுவார் அவ்வாறே விதி எழுத முனைந்தனர். படிவம் நிரப்பிப் பழகிய கை என்பதால் எழுதும் வேலை நம்மிடம் வந்தது. விவாதம் நான்கு வாரம் நடந்தது. முடிவில் ஐந்தே விதி. இணைப்பு அறுந்தால் தோல்வியே. ஆயின் ஊர் முழுதும் மின்சாரமோ கோபுரமோ ஓய்ந்தது என்று அதே பகுதியில் வாழும் வேறு இருவர் உறுதி கூறினால், விட்ட நிலையிலிருந்து ஆட்டம் அவ்வாரத்திலேயே தொடரும். இது கோபாலபுரத்துக்கும் ஷார்ஜாவுக்கும் ஒன்றே. ஒருவர் இவ்வுரிமையைத் திங்களுக்கு ஒருமுறையே கோரலாம். குற்றச்சாட்டை உரையாடற் பகுதியில் எழுதாமல் நடுவர் மூவரிடமே தரவேண்டும். வழக்கில் உறவினர் இருப்பின் அந்நடுவர் விலகவேண்டும். நிர்வாகி ஆண்டுதோறும் மாறவேண்டும்.

நான்காம் விதியை எழுதியதும் நகைப்பு எழுந்தது. நம் ஊரில் ஒருவருக்கொருவர் மாமனாகவோ மச்சானாகவோ இல்லாத மூவரை எங்கே தேடுவது? ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியர் ஒருவரை அழைத்தனர்; அவர் இசைந்தார். மலையாளக் குடும்பங்களைச் சேர்க்கலாமா என்னும் பழைய வழக்கு அன்றே தீர்ந்தது. நீதிக்கு வேண்டியவர் விளையாட்டுக்கு வேண்டாதவர் ஆவாரோ?

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். மாணவி இழந்த ஆட்டம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பின்னர் எழுதிய விதியை முன்னர் நிகழ்ந்ததற்குப் பொருத்தினால், அது மீண்டும் முகம் பார்த்த நீதியாகிவிடும் என்று மூவரும் கூறினர். ஆறு வாரம் கழித்து அவள் ஆடத் திரும்பினாள். வென்றவராகவே நின்ற பொறியாளர் திரும்பவில்லை. அவர்மீது வீசப்பட்ட கடுஞ்சொற்களை எந்த விதியும் அழிக்க இயலவில்லை. அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் இரண்டாம் விதி பிறந்தது என்பதையேனும் இங்கே பதிந்து வைப்பது நம் கடமை.

எழுதிய விதிக்குச் சோதனை வாராமற் போகாது. 2021 ஜூன் 13 அன்று, நோயால் நலிந்தோர்க்கு உதவி திரட்ட, ஆனந்த் பல பிரமுகர்களோடு ஒரே வேளையில் ஆடினார். ஜெரோதா நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான நிகில் காமத் அவரை வென்றார். கணினியின் உதவியும் பிறர் உதவியும் பெற்றே ஆடியதாக மறுநாள் அவரே ஒப்புக்கொண்டு வருந்தினார். செஸ்.காம் அவர் கணக்கை மூடியது, பின்னர்த் திறந்தது. தரவரிசைக்கு உட்படாத அறப்பணி ஆட்டம் அது என்றும், ஆடிய இருவருமே அதனை மேலும் வளர்க்க விரும்பவில்லை என்றும் காரணம் கூறப்பட்டது. பலகையில் இருந்த நிலையைத் தாம் ஆடியதாகவும், பிறரிடமும் அதனையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் கூறி அமைந்தார். ஆட்டக்காரரோ இரண்டு பட்டனர். வேடிக்கை ஆட்டத்துக்கு இவ்வளவு கூச்சல் ஏன் என்றது ஒரு சாரார். பெயர் தெரியாத பள்ளி மாணவன் இதைச் செய்திருந்தால் கணக்கு இவ்வளவு விரைவில் திறந்திருக்குமா என்று கேட்டது மறு சாரார். இரண்டாம் கேள்வியை நம்மால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஏனெனில் சில திங்களுக்குப் பின் நம் குழுவிலேயே ஓர் இளைஞன் கணினி நிரலைப் பார்த்து ஆடியது தெரியவந்தது. ஆண்டுதோறும் வெற்றிக் கோப்பைகளை வாங்கித் தருபவர் அவன் தந்தையே! நடுவர் மூவரும் அவனைத் தனியே அழைத்துக் கேட்டனர்; அவன் மறுக்கவில்லை. எவருக்கும் விதிக்கும் மூன்று திங்கள் விலக்கு அவனுக்கும் விதிக்கப்பட்டது. அவன் பெயர் பொதுவில் எழுதப்படவில்லை. மறு ஆண்டு கோப்பை வரவில்லை. வென்றவருக்கு ஒரு குலை நேந்திரம் பழம் பரிசாயிற்று. அவர் அதனை எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டார். கோப்பை போனதால் குழு குன்றவில்லை.

களத்தை நடத்தும் பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்பதிலும் இரு கருத்து உண்டு. செஸ்.காம் 2007 இல் தொடங்கிய வணிக நிறுவனம். கட்டணம் செலுத்துவோர்க்கு மிகுதியான வசதிகள் தரும். லிச்செஸ் என்பது திபோ துப்லெசி என்னும் பிரெஞ்சுக்காரர் 2010 இல் தொடங்கியது. விளம்பரமும் கட்டணமும் இன்றி நன்கொடையால் நடப்பது. ஊதியம் பெறுவோர் நடத்தினால் வேலை முறையாக நடக்கும் என்பர் ஒரு சாரார். ஆடுவோரே தாங்கினால் களம் ஆடுவோருடையதாகவே இருக்கும் என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் நம்போன்ற சிறு குழுவுக்குப் பணத்தைவிட, ஞாயிறுதோறும் மறவாமல் கதவு திறந்து வைக்கும் ஒருவரே பெருஞ்செல்வம். ஆளுக்கு 50 ரூபாய் வைத்து வென்றவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது, முளையிலேயே கிள்ளினர். பின்னர் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமை ஆட்டமாயினும் பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. சட்டம் வருமுன்னரே நம் குழுவார் விலகி நின்றதற்குக் காரணம், பணம் நுழையும் இடத்தில் உறவு நிலையாது என்னும் ஊர் அனுபவமே.

ஃபிடேயின் குறிக்கோளுரை இலத்தீன் மொழியில் அமைந்தது. நாம் அனைவரும் ஒரே குலத்தவர் என்பது அதன் பொருள். குலம் என்றால் சண்டை இராது என்பதன்று. சண்டைக்குப் பின்னும் ஒரே பந்தியில் உண்ண முடியும் என்பதே. மண்ணை விட்டுப் பிரிந்த நமக்கு ஆலமரமும் திண்ணையும் அருகில் இல்லை. இத்தகைய சிறு குழுக்களே எஞ்சியுள்ளன. அவை சதுரங்கத்துக்காக இருக்கலாம், பாட்டுக்காக இருக்கலாம், சீட்டு நிதிக்காகவும் இருக்கலாம். உறுப்பினரைச் சேர்க்குமுன் விதியை எழுதுங்கள். அயலார் ஒருவரை நடுவர் வரிசையில் அமர்த்துங்கள். உங்கள் பிள்ளைக்கு வேண்டும் என்று நினைக்கும் சலுகையை, உங்களுக்குப் பிடிக்காதவரின் பிள்ளைக்கும் அதே வரியில் எழுதுங்கள். அவ்வரியை எழுதக் கை கூசினால், அச்சலுகை வேண்டா என்று விடுங்கள். சங்கத்து அன்பர்கள் இதனை எண்ணிப் பார்த்துத் தத்தம் ஊரில் நடைமுறைப்படுத்துவார்களாயின் மகிழ்வோம்.